மஞ்சள் கரிசலாங்கண்ணி: உங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பது அதுதானா?

அஞ்சுகிராமத்தில் இருக்கும் உறவுக்கார மாமி ஒருவர் போன மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மொட்டை மாடியில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதிலிருந்து வழிந்து தொங்கும் பச்சைக் கொடி, இலைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் மஞ்சள் பூக்கள். கூடவே ஒரு குரல் பதிவு: "மஞ்சக் கரிசலாங்கண்ணி வச்சிருக்கேன் மக்களே. நல்லாப் பிடிச்சிருக்கு. உனக்கும் ரெண்டு கம்பு ஒடிச்சுத் தரட்டா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இலை உறுத்தியது. மாமியை அழைத்து, சும்மா வளர்க்கிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னார். மகன் சவூதி வேலைக்காக மெடிக்கல் எடுக்கப் போயிருக்கிறான். ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி 'பாசிட்டிவ்' என்று சொல்லி 'அன்ஃபிட்' போட்டு அனுப்பிவிட்டார்கள். யாரோ ஒருவர், மஞ்சள் கரிசலாங்கண்ணிச் சாற்றை நாற்பது நாள் வெறும் வயிற்றில் குடித்தால் அடுத்த மெடிக்கலில் 'நெகட்டிவ்' வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். மாமி ஒரு நர்சரியில் கேட்டு வாங்கி வந்து மூன்று வாரமாக மகனுக்கு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செடி மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. அதே குடும்பம், அதே இனம், பூவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் வேறு செடி. நம் மண்ணில் பிறந்ததுகூட இல்லை.

இந்தக் குழப்பம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. கேட்டுப் பார்த்தால் உங்கள் தெருவிலும் இரண்டு வீட்டில் அந்தச் செடி இருக்கும், அதே பெயரில். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உண்மையான செடியைப் பற்றி. கரிசலாங்கண்ணி என்று நாம் சொல்வதில் இரண்டு உண்டு. வெள்ளைப் பூ பூப்பது ஒன்று. வயல் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில், கிணற்றடியில் தானாக முளைத்து ஒரு பருவத்தில் பூத்துக் காய்த்துக் காய்ந்துபோகும். பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. தண்டை நசுக்கினால் வரும் சாறு காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். நம் உம்மாமார்கள் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தலைக்குத் தேய்த்துவிட்டது பெரும்பாலும் இதைத்தான். கையாந்தகரை, கையோன்னி என்றெல்லாம் குமரி மாவட்டத்தில் சொல்வார்கள். யூனானி மருந்துக் கடைகளில் 'பங்ரா' என்று கேட்டால் தருவதும் இதுவே.

மற்றொன்று மஞ்சள் பூ பூப்பது. இது ஒரு பருவத்தோடு போவதில்லை. தரையோடு படர்ந்து, கணுக்களில் வேர்விட்டு, ஆண்டுக்கணக்கில் நிற்கும். கோடையில் வாடினாலும் ஈரம் கிடைத்ததும் பழைய கணுவிலிருந்தே துளிர்க்கும். சித்த மருத்துவ நூல்களில் பொற்றலைக் கையான் என்ற பெயர் இதற்கு உண்டு. மலையாளத்தில் மஞ்சக் கையோன்னி. இலங்கையில் சிங்களத்தில் 'ரன்வன் கீகிரிந்திய' என்பார்கள். ரன்வன் என்றால் பொன்னிறம். இரு மொழிக்காரர்களும் பூவைப் பார்த்ததும் பொன்னைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

இந்தியா, இலங்கை, பர்மா, தென்சீனம், ஜப்பானின் தென்பகுதி வரை ஈரமான இடங்களில் இயற்கையாக வளரும் செடி இது. 1753ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டினார். பிறகு வெகு காலம் 'வெடெலியா' என்ற இனத்தில் வைத்திருந்தார்கள். அது கியோர்க் வொல்ஃப்காங் வெடெல் என்ற 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவரின் நினைவாக வைத்த பெயர். 1996இல் அங்கிருந்து எடுத்து 'ஸ்பாக்னெட்டிகோலா' என்ற இனத்தில் சேர்த்தார்கள். நாட்டு மருந்துக் கடைப் பொட்டலங்களில் இன்றும் பழைய வெடெலியா பெயரையே பார்க்கலாம், இரண்டும் ஒன்றுதான்.

நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு பூ இல்லை. சூரியகாந்தி, செவ்வந்தி, தோவாளைச் சந்தைக்குக் கூடை கூடையாக வரும் கேந்தி எல்லாமே இந்தக் குடும்பம்தான். சுற்றிலும் இதழ் மாதிரித் தெரிகின்ற ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நடுவில் பொடிப்பொடியாகக் குவிந்திருக்கும் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நூற்றுக்கணக்கில் இருக்கும் சிறு பூக்கள் ஒரே தட்டில் கூடி உட்கார்ந்து, வெளியிலிருந்து பார்க்கும் வண்டுக்கும் நமக்கும் ஒரே பூவாகத் தெரிகின்றன. உலகத்தில் பூக்கும் செடிகளிலேயே மிகப் பெரிய குடும்பங்களில் இது ஒன்று. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள். பிள்ளைகளுக்கு ஒரு செவ்வந்தியைப் பிய்த்துக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

அஞ்சுகிராமம் நாஞ்சில் நாட்டின் கிழக்கு ஓரம். மயிலாடியைத் தாண்டி வந்தால் வயலும் தென்னையும் மெல்லக் குறைந்து பனை தெரிய ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்சம் போனால் திருநெல்வேலி மாவட்டம். மேற்கே மலையடிவாரத்தில் பெய்யும் மழை இங்கே பெய்யாது. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து சேர்ந்தால்தான் இந்தப் பக்கத்துக் குளங்கள் நிறையும். கடைமடை என்பதால் வந்தாலும் வரும், வராமலும் போகும். இப்படிப்பட்ட ஊரில் ஈரம் தேடும் ஒரு செடி எங்கே இருக்கும்? குளத்தங்கரையின் உள்சரிவில், மடை ஓரத்தில், கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையும் வயல்களின் வரப்பில், தென்னந்தோப்பில் தண்ணீர் பாயும் ஓடையில்.

அந்த இடங்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. நெல் போட்ட இடத்தில் வாழை, வாழை போட்ட இடத்தில் பிளாட் கல். மீதி இருக்கும் வயல்களிலும் பெண்கள் இறங்கிக் களை பறித்த காலம் போய்விட்டது. கையால் களை பறித்தவர்களுக்கு எது கீரை, எது மருந்து, எது வீண் என்று தெரியும். வீட்டுக்குப் போகும்போது மடியில் ஒரு பிடி இருக்கும். களைக்கொல்லித் தெளிப்பானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வாய்க்கால்களுக்கு இருபுறமும் கான்கிரீட் பூசியதில் தண்ணீர் வேகமாகப் போகிறது, அது விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் ஓரத்து ஈரம் போய்விட்டது, ஓரத்துச் செடியும் போய்விட்டது. இந்தச் செடி அழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தேடினால் கிடைக்கும். ஆனால் தேடாமலே கிடைத்த காலம் ஒன்று இருந்தது.

அப்படிக் காலியான இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் மாமியின் தொட்டியில் இருக்கும் செடி.

அதன் பெயர் சிங்கப்பூர் டெய்சி. சிங்கப்பூருக்கும் அதற்கும் பிறப்பில் எந்தச் சம்பந்தமும் இல்லை. மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதி ஆகியவைதான் அதன் சொந்த ஊர். தரையை மூடி அழகாகப் படரும், தண்ணீர் இல்லாவிட்டாலும் தாக்குப் பிடிக்கும், வருடம் முழுவதும் பூக்கும் என்பதற்காக உலகம் முழுக்கத் தோட்டக்காரர்கள் கொண்டுபோனார்கள். நம் நாட்டிலும் ஹோட்டல் முற்றம், பூங்கா, நெடுஞ்சாலை நடுத்திட்டு, வீட்டு மதில் என்று எங்கும் அதுதான். தொட்டியில் வைத்தால் அருவி மாதிரித் தொங்கும். நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டால் பல இடங்களில் எடுத்துக் கொடுப்பதும் அதையே. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் அப்படித்தான் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இந்தச் செடிக்கு இன்னொரு முகம் உண்டு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இதுவும் ஒன்று. நறுக்கி எறிந்த துண்டு ஈர மண்ணில் விழுந்தால் போதும், வேர் பிடித்துவிடும். மதில் ஓரத்தில் வெட்டிக் குப்பையில் போட்டது மழை வெள்ளத்தில் ஓடைக்குப் போய், அங்கே பாயாக விரிந்து, மற்றச் செடி எதையும் முளைக்க விடாது. கேரளம், இலங்கை, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, பசிபிக் தீவுகள் என்று பல இடங்களில் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இது உள்ளூர் மஞ்சள் கரிசலாங்கண்ணியோடு கலந்து ஒரு கலப்பினமே உண்டாகிவிட்டது. பார்க்க இரண்டுக்கும் நடுவில் இருக்குமாம். இனி அங்கே நாட்டுச் செடியைத் தேடுபவருக்குக் குழப்பம் இரண்டு மடங்கு.

(நம் சாலையோரங்களில் மஞ்சள் பூ என்று கண்ணில் படுவதில் பாதிக்கு மேல் இப்படி வந்து குடியேறியவைதான். வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழிகிறோமே, மூக்குத்திப் பூ, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்தது. கோயில் மாலைக்கும் கல்யாண வீட்டுக்கும் கட்டும் கேந்தியின் பூர்வீகம் மெக்சிகோ. வந்ததெல்லாம் கெட்டது என்று இல்லை. வந்தது எது என்று தெரிந்திருந்தால் போதும்.)

எப்படி அடையாளம் காண்பது?

பூவைப் பார்க்காதீர்கள். இலையைப் பாருங்கள். எல்லாரும் பூவைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள்.

நாட்டு மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு, நடுவில் கொஞ்சம் அகன்று, இரு முனையும் குறுகி இருக்கும். ஓரம் பெரும்பாலும் வெட்டு இல்லாமல் இருக்கும். இருந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு பல். விரலால் தடவினால் சொரசொரவென்று ரோமம் தட்டும். பளபளப்பு இருக்காது. எதிரெதிராக இரண்டிரண்டு இலை. பூ, நீளமான மெல்லிய காம்பின் நுனியில் ஒன்றே ஒன்றாக நிற்கும். ஏறக்குறைய ஒரு பழைய நாலணா அளவு.

சிங்கப்பூர் டெய்சியின் இலை தடித்து, மினுமினுப்பாக இருக்கும். ஓரத்தில் பற்கள் தெளிவாகத் தெரியும். முக்கியமாக, இலையின் இரு பக்கமும் ஒரு மடல் பிரிந்து, நடுவில் பெரியதும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று மடலாக இருக்கும். மூன்று விரல் நீட்டிய கையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் பெயரிலேயே 'மூன்று மடல்' என்ற பொருள் இருக்கிறது. எல்லா இலையிலும் மடல் ஒரே அளவுக்குத் தெளிவாக இருக்காது. அதனால் ஒரு இலையை வைத்து முடிவு செய்யாமல் கொடி முழுவதையும் பாருங்கள். பூ சற்றே பெரியது, நிறம் ஆரஞ்சுக்கு நெருங்கிய அடர் மஞ்சள். தானாகவே மதிலில் தொங்கும் அளவுக்கு ஒரு செடி செழித்து, மினுமினுத்து, வருடம் முழுக்கப் பூத்துக் கொட்டுகிறதென்றால் முக்கால்வாசி அது இதுதான்.

இதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மாமி கேட்டார். கரீபியன் நாடுகளில் சளி, காய்ச்சல் போன்றவற்றுக்கு இதை நாட்டு மருந்தாகப் பயன்படுத்தும் வழக்கம் இருக்கிறது. ஆனால் நம் மருத்துவ நூல்கள் கல்லீரலுக்கு என்று சொல்லும் செடி இது அல்ல. அதன் இலையில் உள்ள பொருள்கள் வேறு. கல்லீரலில் ஏற்கெனவே பிரச்சினை உள்ள ஒருவருக்கு, எது என்றே தெரியாத ஓர் இலையின் சாற்றை நாற்பது நாள் கொடுப்பது, பூட்டு எது என்று தெரியாமல் சாவியைப் போட்டுத் திருகுவதைப் போன்றது. திறக்காவிட்டால்கூடப் பரவாயில்லை.

செடியைச் சரியாக அடையாளம் காண்பது நம் மருத்துவ வரலாற்றில் சின்ன விஷயமாக இருந்ததில்லை. ஸ்பெயினின் மலகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் இறந்த இப்னுல் பைத்தார், 1400 அளவிலான மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தொகுத்து எழுதினார். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பதும், ஒரே பெயரில் ஊருக்கு ஒரு செடி இருப்பதும்தான் அவர் காலத்திலும் தலைவலி. அதனால் வெவ்வேறு மொழிப் பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டே எழுதினார். அதே காலத்தவரான ரஷீதுத்தீன் அஸ்ஸூரி இன்னும் ஒரு படி மேலே போனார். லெபனான் மலைகளுக்குப் போகும்போது வண்ணங்களோடு ஓர் ஓவியரையும் உடன் அழைத்துப் போய், ஒவ்வொரு செடியையும் துளிராக இருக்கும்போது ஒரு முறை, முழுதாக வளர்ந்தபின் ஒரு முறை, காய்ந்தபின் ஒரு முறை என்று வரையச் செய்தாராம். இப்னு அபீ உஸைபிஆ என்ற மருத்துவ வரலாற்றாசிரியர் இதைப் பதிவு செய்திருக்கிறார். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் அவ்வளவு பாடுபட்டவர்கள்! நாமோ ஒரு மங்கலான வாட்ஸ்அப் படத்தை வைத்து அரைத்துக் குடிக்கிறோம். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால் விளைவுக்கு அவரே பொறுப்பு என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி இருப்பதை ஆலிம்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'ஃபார்வர்ட்' செய்பவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சரி, உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணிக்காவது அந்தச் சக்தி உண்டா?

சித்த மருத்துவத்தில் காமாலை, கல்லீரல் வீக்கம், ரத்தச் சோகை போன்றவற்றுக்கு இது நெடுங்காலமாகப் பயன்படுகிறது. வடலூர் வள்ளலார் தினமும் உண்ணச் சொன்ன மூலிகைகளில் கரிசலாங்கண்ணி முதன்மையானது. நவீன ஆய்விலும் இந்தச் செடிக்கு ஓர் இடம் இருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 1956இல் சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி, கே. நாகராஜன், பி. ஆர். பை ஆகியோர் இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளின் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதற்கு 'வெடெலோலாக்டோன்' என்று பெயர். வெடெலியா என்ற செடிப் பெயரிலிருந்து வந்தது. வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அதே பொருள் இருக்கிறது. பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் செல்களிலும் விலங்குகளிலும் செய்த சோதனைகளில் கல்லீரலைச் சில நச்சுகளிலிருந்து காக்கும் தன்மை அதற்கு இருப்பது தெரிந்தது.

இதுவரை நல்ல செய்தி. ஆனால் எலியின் கல்லீரலில் நடந்தது நம் பிள்ளையின் கல்லீரலில் நடக்கும் என்று பெரிய அளவில் மனிதர்களிடம் சோதித்து நிறுவப்படவில்லை. கல்லீரலைக் காப்பது வேறு, ஹெபடைட்டிஸ் பி வைரஸை உடலிலிருந்து துரத்துவது வேறு. இரண்டாவதை மஞ்சள் கரிசலாங்கண்ணி செய்யும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் எதுவும் இல்லை.

கீழாநெல்லியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1988இல் சென்னை ஆய்வாளர் எஸ். பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கும், மற்றவர்களும் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வைரஸ் உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு 'நெகட்டிவ்' ஆனது என்றார்கள். வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மற்ற நாடுகளில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, கீழாநெல்லி என்ற பெயரில் ஒன்றுபோலவே தோன்றும் பல வகைகள் இருப்பது. எங்கே எந்த வகையைப் பயன்படுத்தினார்கள், எந்த மண்ணில் விளைந்தது என்ற கேள்வி. பெரிய விஞ்ஞானிகளுக்கே செடியின் அடையாளம் இவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது.

மாமியின் மகனிடம் தனியாகப் பேசினேன். அவனுடைய கவலை நோயைவிட விசாவைப் பற்றியே இருந்தது. அது நியாயம்தான், வீட்டில் இருக்கும் கடன் எனக்கும் தெரியும். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் நம் சமுதாயத்தில் பல வீடுகளில் இது மூடி மறைக்கப்படும் விஷயமாக இருக்கிறது.

வளைகுடா மெடிக்கலில் பார்ப்பது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை. அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் உடலில் இருக்கிறது என்றுதான் பொருள். கல்லீரல் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் வருடக்கணக்கில் இருக்கும். சிலருக்கு மெல்ல மெல்லக் கல்லீரல் சுருங்கும், புற்றுநோயும் வரலாம். இவர் எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் கல்லீரல் நொதி அளவு, வைரஸ் எண்ணிக்கை, ஸ்கேன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். குமரி மாவட்டக்காரர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டாலும் பெரும்பாலோருக்கு அந்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' ஆவதில்லை. இதை மறைத்து ஆசை காட்டுபவர் அலோபதியாக இருந்தாலும் நாட்டு வைத்தியராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

வீட்டில் உள்ள மற்றவர்கள் ஒரு முறை ரத்தம் பார்த்துவிட்டு, இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. மாமி தன் மகனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தார். பெருநாளன்று சஹனில் மற்றவர்களோடு உட்காரவும் விடவில்லையாம். அவன் அதைச் சொன்னபோது குரல் உடைந்தது. இந்த வைரஸ் ஒரே சஹனில் சாப்பிடுவதால் பரவாது. கை கொடுப்பதாலோ முஸாஃபஹா செய்வதாலோ பரவாது. ரத்தம் வழியாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு, கணவன் மனைவி உறவில் பரவும். பிளேடு, பல் துலக்கும் பிரஷ், மிஸ்வாக் பகிரக் கூடாது. சுன்னத் செய்யும் கருவியும் ஹிஜாமா பிளேடும் ஒவ்வொருவருக்கும் புதிதாக, கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். தட்டைப் பிரித்த நம் வீடுகளில் இதைக் கவனிக்கிறோமா?

கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும் காமாலை வந்தால், அது எந்தக் காமாலை என்று பரிசோதிக்காமல் எந்த இலையும் கொடுக்காதீர்கள். தண்ணீர் மூலம் வரும் ஏ வகையும் ஈ வகையும் பெரும்பாலும் தானாகவே சரியாகும். அந்த நேரத்தில் குடித்த இலைக்குப் பெயர் கிடைத்துவிடும். ஆனால் அதே ஈ வகை கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் வந்தால் உயிருக்கு ஆபத்து. நோயாளிக்கு நிற்காத வாந்தி, தூக்கக் கலக்கம், பிதற்றல், ரத்தக் கசிவு இருந்தால் உடனே மருத்துவமனை. பிறந்த குழந்தையின் மஞ்சளுக்கு இலைச்சாறு அறவே கூடாது.

சித்தமோ ஆயுர்வேதமோ எடுக்க விரும்பினால் அதற்கும் படித்தவர்கள் இருக்கிறார்கள். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. செடியை ஒரு கொத்து ஒடித்து, பூவும் இலையும் வேருமாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டிக் கேட்கலாம். வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

கீரையாக உண்பது வேறு விஷயம். சரியான செடி என்று உறுதியாகத் தெரிந்தால் இளந்தளிர்களைக் கிள்ளி, பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துத் துவரன் வைக்கலாம். லேசாகக் கசக்கும், சின்ன வெங்காயம் கூடப் போட்டால் பிள்ளைகளும் சாப்பிடும். சாக்கடை கலக்கும் ஓடையிலிருந்தும், மருந்து தெளித்த வயலிலிருந்தும், சாலையோரத்திலிருந்தும் பறிக்க வேண்டாம்.

வளர்ப்பது சுலபம். நான்கைந்து கணு உள்ள கொடியை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி சாய்த்து ஊன்றினால் போதும். அரை நிழலும் விடாத ஈரமும் வேண்டும். ஒளு செய்யும் குழாயடியில் சோப்பு கலக்காத தண்ணீர் வழியும் இடம் இதற்கு மிகப் பொருத்தம். பள்ளிவாசல் ஹவுளில் இருந்து தண்ணீர் வெளியேறும் ஓரங்களில்கூட வைக்கலாம்.

நான் அஞ்சுகிராமம் போயிருந்தபோது, பழக்கமான ஒரு விவசாயி தன் தோப்பு ஓடையோரம் காட்டிக் கொடுத்தார். ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் படர்ந்திருந்தது. பாதியை விட்டுவிட்டு நான்கு கொடி எடுத்து வந்தோம். மாமி இரண்டு செடியின் இலைகளையும் அருகருகே வைத்துத் தடவிப் பார்த்தார். "இது சொரசொரன்னு இருக்கே" என்றார். பழைய செடியை வேரோடு பிடுங்கி, துண்டு ஏதும் ஓடைக்குப் போகாதபடி மாடித் தரையில் வெயிலில் பரப்பிக் காய வைத்தோம். முழுதாகச் சருகாக ஒன்பது நாள் ஆனது என்று பிறகு சொன்னார்.

புதுக் கொடி பிடித்துவிட்டது. மகன் ஆசாரிப்பள்ளத்தில் பரிசோதனை செய்துகொண்டான். கல்லீரலில் இப்போதைக்குப் பாதிப்பு எதுவும் இல்லை, மாத்திரையும் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் நான்கு பேருக்கும் தடுப்பூசி இரண்டாவது தவணை முடிந்தது. தனித் தட்டு அலமாரிக்குப் போய்விட்டது.

மாமி இப்போது அந்தக் கீரையை வாரத்துக்கு ஒரு நாள் துவரன் வைக்கிறார், எல்லாருக்குமாக.